கொழுப்பா, மாவுச்சத்தா? யார் பேச்சைக் கேட்டுச் சாப்பிடுவது?

பிப்ரவரி 2, காலை (கேள்வி)

ஒருவர் கொழுப்பைக் குறை என்கிறார். அடுத்தவர் கொழுப்பு கிடக்கட்டும், மாவுச்சத்தைக் குறை என்கிறார். முட்டை ஒரு காலத்தில் ஆகாது, இப்போது ஆகும். பழச்சாறு குடி, பழச்சாற்றைத் தொடாதே. எல்லோருடைய 'வேண்டாம்' பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்தால் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. இந்தத் துறையில் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது என்பது என் முடிவு. தவறென்றால் எண்களோடு காட்டுங்கள்.

பிப்ரவரி 2, இரவு (பதில்)

உங்கள் எரிச்சல் நியாயமானது. முடிவு மட்டும் சரியில்லை. நீங்கள் படிக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை பாதி வாக்கியங்கள். மீதிப் பாதி 'எதற்குப் பதிலாக?' என்ற கேள்விக்கான பதில். அதை வெட்டிவிட்டுத் தலைப்பு மட்டும் போடுகிறார்கள்.

வெண்ணெயை எடுத்துக்கொள்வோம். சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்க்குப் பதிலாக வெண்ணெய் சேர்த்தால் ரத்தத்தில் எல்டிஎல் எனும் 'கெட்ட' கொலஸ்ட்ரால் ஏறுகிறது. வெள்ளை மாவுக்கும் சர்க்கரைக்கும் பதிலாக அதே வெண்ணெயைச் சேர்த்தால் இதயநோய்க் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. முதலாவதைப் படித்தவர் 'வெண்ணெய் கெடுதல்' என்று எழுதுவார், இரண்டாவதைப் படித்தவர் 'வெண்ணெய் குற்றமற்றது' என்று எழுதுவார். இரண்டு ஆய்வுகளுக்குள் சண்டையே இல்லை.

முட்டை: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், ஒன்றரை கிராம் நிறைவுற்ற கொழுப்பு (வெண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் அதிகம் இருக்கும் வகை). ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால்தான் என்ற பழைய வரம்பை அமெரிக்க அரசின் 2015-2020 உணவு வழிகாட்டி கைவிட்டது. 'இனி எவ்வளவு வேண்டுமானாலும்' என்று அது சொல்லவில்லை. கொலஸ்ட்ராலைக் கல்லீரலே உற்பத்தி செய்கிறது. தட்டில் வரும் கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான் எல்டிஎல்லை அதிகம் ஏற்றுகிறது. ஒரு முட்டை பதப்படுத்திய இறைச்சியின் இடத்தில் வந்தால் லாபம். பருப்பின் இடத்தில் வந்தால் புரதம் கிடைக்கும், நார்ச்சத்து போய்விடும்.

பழச்சாறு: 250 மில்லி ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழம் பிழிய வேண்டும். சர்க்கரை 20 கிராமுக்கு மேல் அப்படியே வந்துவிடுகிறது, நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சோடாவுக்குப் பதில் சாறு என்றால் கொஞ்சம் மேல். பழத்துக்குப் பதில் சாறு என்றால் நஷ்டம்.

பிப்ரவரி 3

சண்டையே இல்லாத பகுதி எது என்று கேட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளை எடுத்து, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குக் கணக்குப் போட்டால் இப்படி வரும்.

தனிச்சர்க்கரை (நாம் சேர்ப்பது, தேன், பழச்சாற்றில் உள்ளது எல்லாம் சேர்த்து) 50 கிராமுக்குள். 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது. உப்பு 5 கிராமுக்குள். நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமுக்குள். ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் மட்டும் இதில் 7 கிராம் போய்விடும். தேங்காய் எண்ணெய் என்றால் 11, 12 கிராம். காய்கறியும் பழமும் சேர்ந்து 400 கிராமாவது வேண்டும், உருளை போன்ற கிழங்குகள் இதில் சேராது. நார்ச்சத்து 25 கிராமாவது வேண்டும்.

இப்போது கொழுப்பு–மாவுச்சத்துச் சண்டைக்கு வருவோம். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த கொழுப்புக் குழு சராசரியாக 5.3 கிலோ இளைத்தது, குறைந்த மாவுச்சத்துக் குழு 6.0 கிலோ. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. ஆனால் ஒரே குழுவுக்குள் இருபது கிலோவுக்கு மேல் இளைத்தவரும் உண்டு, எடை கூடியவரும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்று மரபணுவை வைத்தோ இன்சுலின் சுரப்பை வைத்தோ முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை: காய்கறியைக் கூட்டு, சர்க்கரையையும் வெள்ளை மாவையும் குறை, வீட்டில் சமைத்துச் சாப்பிடு. ஊடகங்களில் இந்தப் பொதுப் பகுதியை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆய்வின் சாரமாகத் தெரிகிறது.

பிப்ரவரி 4

'தட்டில் என்ன வைப்பது, கிராமில் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு. 60 கிலோ எடையுள்ள, பெரிய நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும்:

தானியம் 220 கிராம், அதில் பாதியாவது தவிடு நீக்காதது. பருப்பு, பயறு வகை 60 கிராம். காய்கறி 300 கிராம், பழம் 200 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. முட்டை ஒன்று. கொட்டைகள் 30 கிராம். எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன்.

கூட்டிப் பார்த்தால் 1850 கலோரி அளவில் நிற்கும். புரதம் 60 கிராமைத் தாண்டும். கிலோவுக்கு 0.83 கிராம் என்ற பொது அளவுப்படி தேவை 50 கிராம்தான். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை பல நிபுணர் குழுக்கள் சொல்கின்றன, அதில் கீழ் அளவை இது எட்டும். நார்ச்சத்து 30க்கு மேல். புரதத்தூள் டப்பாவுக்கு இந்தக் கணக்கில் இடமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முட்டை, பால் இரண்டும் வேண்டாம் என்பவர்கள் பருப்பை 100 கிராமாக ஏற்றலாம். ஆனால் பி12 சத்து செடிகொடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காது. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. அதற்கு மாத்திரையோ, அந்தச் சத்து சேர்த்த உணவோ கட்டாயம். இங்கே 'இயற்கையாகவே கிடைத்துவிடும்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். குறைபாடு வருடக்கணக்கில் மெல்ல வரும், நரம்பைத் தொட்டுவிட்டால் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 6 (திருத்தம்)

4ஆம் தேதிக் குறிப்பில் எல்லாம் சமைக்காத எடை என்று எழுத விட்டுப்போனது. ஒருவர் வேகவைத்த பருப்பை 60 கிராம் நிறுத்து வைத்திருக்கிறார், அதில் புரதம் 5 கிராம்தான் வரும். 60 கிராம் உலர்ந்த பருப்பு வெந்தபின் ஏறக்குறைய 150 கிராம் ஆகிவிடும், அதில்தான் 14 கிராம் புரதம்.

உணவுச் செயலிகளில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான். பச்சரிசியோ புழுங்கலோ, 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான், மீதி தண்ணீர். 250 கிராம் சோற்றை நிறுத்துவிட்டுச் செயலியில் 'அரிசி, சமைக்காதது' என்ற வரியைத் தொட்டால் 325க்குப் பதில் 875 என்று காட்டும். ஒரே தொடுதலில் 550 கலோரி பிழை. எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு உணவுக்கும் ஒரு முறையாவது சரிபார்த்துவிடுங்கள்.

எண்ணெய்க்குச் செயலியே வேண்டாம், சமையலறைத் தராசு போதும். மாதத் தொடக்கத்தில் வீட்டில் இருக்கும் எண்ணெய்ப் பாட்டில்களை அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இடையில் வாங்கியதைக் கூட்டுங்கள். மாதக் கடைசியில் மறுபடி நிறுங்கள். பொரித்துவிட்டுக் கொட்டியதைக் கழியுங்கள். வரும் எண்ணை நாட்களாலும் ஆட்களாலும் வகுங்கள். நான்கு பேர், 30 நாள், 3600 கிராம் குறைந்திருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 270 கலோரி. கரண்டிக் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும், ஏனென்றால் பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது யாரும் கரண்டியை எடுப்பதில்லை.

உப்புக்கும் இதே வழி. நான்கு பேருக்கு மாதம் ஒரு கிலோ தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8.3 கிராம். பாக்கெட் உணவிலும் வெளியே சாப்பிடுவதிலும் வருவது இதற்கு மேல்.

பிப்ரவரி 6, மாலை

மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்று எழுதியவருக்கு: உடல் சர்க்கரையை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து 400, 500 கிராம். ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது காலியானால் தண்ணீரும் போகும். இந்த இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். திரும்ப மாவுச்சத்து சாப்பிட்டதும் ஏறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிப்ரவரி 9

பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிப்பது பற்றி.

பொருட்பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் இருப்பது முதலில். முன்பக்கம் 'பல தானியம்' என்று பெரிதாகப் போட்ட பிஸ்கட்டில் வெள்ளை மாவு, சர்க்கரை, பாமாயில் மூன்றுக்கும் அப்புறம்தான் அந்தத் தானியங்கள் வரும், அதுவும் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று. சர்க்கரையைப் பல பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும்: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாற்று அடர்வு. மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள் இன்னொரு வகை. சர்க்கரை வரியில் அது பெரும்பாலும் வராது, ஆனால் சர்க்கரையைப் போலவே வேகமாக ரத்தத்தில் ஏறும்.

'ஒரு பரிமாறலுக்கு' என்ற பத்தியை விட்டு 'நூறு கிராமுக்கு' என்ற பத்தியைப் பாருங்கள். மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுங்கள். பத்துக்குள் வந்தால் முழுத்தானியத்துக்குப் பக்கம். 70 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் நார் என்றால் 23. தவிடு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். சோடியம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்கினால் உப்பு. நூறு கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு, அது அதிகம்.

ஆலைப் பண்டங்களை இவ்வளவு ஆராய ஒரு காரணம் உண்டு. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகவும் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தது. முன்வைத்த உணவுகளில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் பொருத்தப்பட்டிருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று நினைவிலிருந்து எழுதச் சொல்லும் ஆய்வுகளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் தட்டில் மிஞ்சியதைக்கூட எடைபோட்டார்கள்.

பிப்ரவரி 10

தர்பூசணியும் கேரட்டும் 'கிளைசீமிக் குறியீடு அதிகம்' என்று விலக்கிய நண்பருக்கு.

ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் இந்தக் குறியீட்டை 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்தது. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து இரண்டு மணிநேரம் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். தர்பூசணியில் 100 கிராமுக்கு ஏழரை கிராம்தான் மாவுச்சத்து. சோதனைக்கு 650 கிராமுக்கு மேல் சாப்பிட வைக்க வேண்டும். நீங்கள் சாப்பிடுவது 150 கிராம் துண்டு, 11 கிராம் மாவுச்சத்து. பழைய பட்டியலில் உள்ள 72ஐ வைத்துப் பெருக்கி நூறால் வகுத்தால் 8 வரும், இதற்குக் கிளைசீமிக் சுமை என்று பெயர். பத்துக்குக் கீழே என்றால் குறைவு. கேரட்டுக்கும் இதே கணக்குதான், தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கொழுப்பு கலந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், குறியீடு இறங்கும். அதனால் ஐஸ்கிரீம் வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் குறைந்த எண் காட்டும். இந்த ஒரு எண்ணை வைத்து உணவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

பிப்ரவரி 13

'18 சதவீதம் புற்றுநோய் அபாயம்' செய்தியைக் கேட்டிருந்தீர்கள். 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியை முதல் தொகுதியில் (புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவை) வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றது. வாழ்நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த நோய் வரும் ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் தினம் சாப்பிட்டால் அது ஆறு பேர் ஆகும். நூறில் பதினெட்டு பேர் கூடுகிறார்கள் என்பதில்லை. புகையிலையும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. தொகுதி என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவில்லை. ஆனாலும் தினசரிப் பழக்கத்தை வாரத்தில் ஒரு நாளாகக் குறைப்பது நியாயமான முடிவு.

உணவில் நல்லது என்று தெரிந்த சத்தை மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. காய்கறி அதிகம் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. 1994இல் வெளிவந்த முடிவு. பி12 போலக் குறைபாடு தெளிவாக இருக்கும் இடத்தைத் தவிர, தட்டுக்குப் பதில் மாத்திரை என்ற யோசனையையே நான் ஏற்பதில்லை.

பெரிய ஆய்வுக்கு உதாரணம் கேட்டால் ஸ்பெயினின் பிரெடிமெட்: 7447 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைகளோடு மத்தியதரைக்கடல் உணவு சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 30 சதவீதம் குறைவு.

பிப்ரவரி 14 (திருத்தம்)

நேற்று பிரெடிமெட் பற்றி 'குலுக்கல் முறை' என்று மட்டும் எழுதியது போதாது. 2013இல் வந்த அந்தக் கட்டுரையை 2018இல் திரும்பப் பெற்று, மறுகணக்கிட்டு வெளியிட்டார்கள். சில இடங்களில் ஒரே வீட்டு ஆட்களை ஒரே குழுவில் போட்டிருந்தார்கள். ஓர் இடத்தில் மருத்துவமனை வாரியாகவே பிரித்திருந்தார்கள். மறுகணக்கிலும் ஏறக்குறைய அதே 30 சதவீதம்தான் வந்தது, ஆனால் முடிவை அடக்கி எழுதினார்கள். 'யாருக்கும் எதுவும் தெரியாது' என்ற தொடக்கக் கேள்விக்கு இதையும் பதிலாக வைக்கிறேன். பிழையைக் கண்டதும் தாங்களே வெளிச்சம் போட்டுக் காட்டுகிறார்கள்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்: 4ஆம் தேதிப் பட்டியலை அப்படியே தொடங்கி, மூன்றாம் நாள் வயிறு உப்பி, விட்டுவிட்டாராம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாளுக்கு 10, 12 கிராம் நாருக்குப் பழகிய குடல் ஒரேயடியாக 30க்கு மேல் தாங்காது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த நாரைப் புளிக்கவைக்கும்போது வாயு வருகிறது. வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள். முதல் வாரம் தானியத்தில் பாதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் வாரம் காய்கறி. பருப்பு, பயறைக் கடைசியாக ஏற்றுங்கள். இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீர் குடிப்பதும் கூட வேண்டும், இல்லையென்றால் மலம் இறுகும்.

சிவப்புக் கிட்னி பீன்ஸ் வாங்கினால் தனிக் கவனம். ஐந்து மணிநேரமாவது ஊறவைத்து, நீர் மாற்றி, முழுக் கொதியில் குறைந்தது பத்து நிமிடம், அரை மணி என்றால் இன்னும் பாதுகாப்பு. மெதுவாகச் சூடேற்றும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு அழியாது. நான்கைந்து விதை போதும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வர.

இரும்புச்சத்து குறைவாக உள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீரோ காபியோ குடிக்காமல் ஒரு மணிநேரம் தள்ளிவையுங்கள். எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சு ஏதாவது ஒன்று சாப்பாட்டோடு சேர்ந்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு கூடுதலாகச் சேரும்.

பிப்ரவரி 16

இந்த இழையில் உள்ள எதையும் அப்படியே எடுக்கக் கூடாதவர்கள்: சிறுநீரக நோய் உள்ளவர்கள் (புரதம், பொட்டாசியம் இரண்டுக்கும் வரம்பு உண்டு). சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள். மருந்தைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள்; கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று அள்ளவும் வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாக இருக்கட்டும்.

பொட்டாசியம் கலந்த உப்பு பற்றிக் கேட்டவருக்கு. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் செய்த ஆய்வு 2021இல் வந்தது. முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல பொருள்தான். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ரத்த அழுத்தத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன், ராமிபிரில் போன்ற மருந்து எடுத்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும்.

பிப்ரவரி 20

மாற்றம் பலிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பன்னிரண்டு வாரம். எச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனை சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். நாலு வாரத்தில் சோதித்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்தே வரும். எல்டிஎல் இன்னும் சீக்கிரம் அசையும், ஆறு வாரத்தில் தெரியும். அதே ஆய்வகம், அதே நேரம், காய்ச்சல் சளி இல்லாத வாரமாக இருக்கட்டும். எடையைத் தினம் காலையில் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதுங்கள். முந்தின நாள் உப்பு கூடியிருந்தாலே ஒரு கிலோ ஏறும்.

பிப்ரவரி 20, இரவு

எட்டு மணிநேரத்துக்குள் சாப்பிட வேண்டுமா என்பதற்குச் சுருக்கமாக: சீனாவின் குவாங்சோவில் 139 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். இரு குழுவும் ஒரே அளவு கலோரி குறைத்தது, ஒன்று மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிட்டது. நேரம் பார்த்துச் சாப்பிட்ட குழு 8 கிலோ குறைந்தது, மற்றது 6.3 கிலோ, புள்ளியியல்படி வித்தியாசமில்லை. உங்களுக்கு அந்த நேரம் வசதி என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் உப்பையும் எண்ணெயையும் ஒரு மாதம் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு உப்பு 9 கிராம், எண்ணெய் 34. எதை முதலில் தொடுவது என்கிறார்.

உப்பை. கால் பங்கு குறைத்துச் சமையுங்கள், மூன்று வாரம் அப்படியே விடுங்கள். முதல் வாரம் சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். சமைக்கும்போது போடும் உப்பில் கொஞ்சத்தை நிறுத்தி, இறக்கும் நேரத்தில் மேலாகத் தூவினால் குறைந்த உப்பிலேயே கரிப்பு தெரியும். சாஸ், சூப் தூள், நொறுக்குத் தீனி பாக்கெட்டுகளையும் இதே மூன்று வாரத்தில் எழுதி வையுங்கள், தராசில் வராத உப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த எண்ணோடு வாருங்கள், எண்ணெயை அப்புறம் பார்க்கலாம்.